மிச்சமான கொரியன் ரைஸ் கேக்கும் சித்தோட்டு வெல்லப் பாகும்

ஈரோட்டிலும் கோவையிலும் இப்போது எந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும், நூடுல்ஸ் அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொரியன் சாமான்களுக்கென்று ஒரு வரிசை ஒதுக்கிவிட்டார்கள். காலேஜ் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் அந்த வரிசையிலிருந்து ஒரு ரைஸ் கேக் பாக்கெட்டாவது வந்திருக்கும். வெள்ளை வெளேரென்று, சுண்டுவிரல் மொத்தத்தில், வழுவழுவென்று இருக்குமே, அதுதான். வந்த அன்றைக்குப் பாதி தீரும். மீதிப் பாதி பிரிட்ஜுக்குள் போய், ஒரு வாரத்தில் கல்லாகி, குப்பைக்குப் போகும். நான் எழுத வந்தது அந்த மீதிப் பாதியைப் பற்றி. அதை வெல்லப் பாகில் புரட்டி எடுத்தால், 300 ரூபாய்க்குப் பக்கம் கொடுத்து வாங்கிய பாக்கெட்டின் மதிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று சொல்வேன்.

நான் பெருந்துறைப் பக்கம் வீட்டிலிருந்தே ஒப்புட்டு (போளி), கச்சாயம் (அதிரசம் மாதிரி), எள்ளுருண்டை எல்லாம் ஆர்டர் எடுத்துச் செய்து கொடுக்கிறேன். சீர், காதுகுத்து என்று வீட்டு விசேஷங்களுக்குத்தான் அதிகம் போகும். அதனால் ஒரு தின்பண்டத்தைக் கையில் எடுத்தால் ருசியை மட்டும் பார்ப்பதில்லை. மாவு எப்படி, எத்தனை நேரம் தாங்கும், ஆறினால் என்ன ஆகும், கொடுத்த காசுக்குத் தகுமா என்றுதான் கண் போகும். இந்தப் பாக்கெட்டையும் அப்படித்தான் பார்த்தேன்.

முதலில் சரக்கு. கோவையில் படிக்கும் என் மகள் ஆர்.எஸ்.புரத்தில் இறக்குமதிச் சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கி வந்தாள். அரைக் கிலோ பாக்கெட், காற்றை உறிஞ்சி இறுக்கமாக ஒட்டியது. பின்பக்கத்தில் இருந்தது நாலே பொருள்: அரிசி, தண்ணீர், உப்பு, ஆல்கஹால். கடைசிப் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். பூஞ்சை பிடிக்காமல் இருப்பதற்காகச் சேர்க்கிற எரிசாராயம் அது, அளவும் சொற்பம்தான். பாக்கெட்டைப் பிரித்ததும் குப்பென்று ஒரு புளிச்ச நெடி வரும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, கொதிதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் நெடி போய்விடும்.

என் மாமியார் ஒன்றைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனம்மிணி, சந்தகைக்கு அவிச்ச மாவ பிழியாம அப்படியே உருட்டி வெச்சாப்புல இருக்குதே."

சந்தகை என்பது எங்கள் பக்கத்து இடியாப்பம். அவர் சொன்னது பெரும்பாலும் சரி. கொரியர்கள் இதைச் செய்யும் முறையைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகவே தோன்றாது. அரிசியை ஊறவைத்து, மாவாக்கி, ஆவியில் அவித்து, சூட்டோடு இடித்துப் பிசைந்து, நீளமான கம்புகளாக இழுக்கிறார்கள். அந்த நீளக் கம்புக்கு காரேடொக் என்று பெயர். அதையே ஒல்லியாகவும் குட்டையாகவும் செய்தால், சாஸில் புரட்டிச் செய்யும் டொக்பொக்கிக்கு ஆகும். சாய்வாக வில்லை வில்லையாக நறுக்கினால் அவர்களுடைய புத்தாண்டான சொல்லால் அன்றைக்கு வைக்கும் சூப்புக்கு ஆகும். அந்த சூப்பை ஒரு கிண்ணம் குடித்தால்தான் ஒரு வயது கூடுகிறது என்பது அங்கே வழக்கம்.

சந்தகையிலிருந்து இது விலகும் இடம் இரண்டு. ஒன்று, அரிசி. நாம் சந்தகைக்குப் போடுவது புழுங்கல் அரிசி. வெந்தாலும் உதிரும் தன்மை அதற்கு உண்டு. அவர்களுடையது குட்டை ரகப் பச்சரிசி. பசை அதிகம், ஆனால் முழுக்கப் பசையரிசியும் கிடையாது. இன்னொன்று, அந்த இடி. வெந்த மாவை இடிக்க இடிக்கத்தான் இழுவை வரும். கொழுக்கட்டை மாவில் இதை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். பொன்னிப் பச்சரிசி மாவில் நானும் செய்து பார்த்தேன். வடிவம் வந்துவிடும். பல்லில் அந்த இழுவை வராது, கடித்தால் பட்டென்று விண்டுவிடும். கொழுக்கட்டையாகச் சாப்பிட நன்றாக இருந்தது. பாகில் புரட்டும் வேலைக்குக் கடைப் பாக்கெட்தான் சரி.

வாங்கும்போது கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. இதே வரிசையில் கோதுமை மாவில் செய்ததும் விற்கிறது. கொரியாவில் அரிசி தட்டுப்பாடாக இருந்த 1960, 70களில் அரசாங்கமே அரிசியைச் சிக்கனம் பண்ணச் சொல்லி, கோதுமையை ஊக்குவித்தது. அந்தக் காலத்தில் பரவியது இந்தக் கோதுமை ரகம். காரக் குழம்பை நன்றாக உறிஞ்சும், மெத்தென்றும் இருக்கும். ஆனால் நான் சொல்லும் இனிப்புக்கு அரிசி ரகம்தான் தோதானது. பின்பக்கம் முதல் பெயர் அரிசியா, கோதுமையா என்று படித்துவிட்டு எடுங்கள். உள்ளே சீஸ் வைத்ததும் வருகிறது, அது இந்த வேலைக்கு அறவே வேண்டாம். சூட்டில் சீஸ் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும்.

சாஸ் பொட்டலத்தோடு சேர்த்து விற்கும் பாக்கெட்டாக இருந்தால், சைவக்காரர்கள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரைஸ் கேக்கில் ஒன்றும் இருக்காது. சாஸில் நெத்திலிச் சாறு சேர்ந்திருக்கலாம். புரட்டாசியில் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று அவசரத்தில் வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம் தேதி. கொரியாவில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அச்சடிப்பார்கள். நம் பழக்கத்தில் படித்தால் குழம்பும். எங்களுக்குக் கிடைத்த ஒரு பாக்கெட்டில் இறக்குமதி செய்தவர் ஒட்டிய ஸ்டிக்கர் சரியாக அந்தத் தேதியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. நகத்தால் உரித்துப் பார்த்தால் இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. அதே விலைதான் போட்டிருந்தார்கள், ஒரு ரூபாய் குறைக்கவில்லை. இன்னொரு கடையில் ஃப்ரீசர் ரகம் வாங்கினோம். வழியில் எங்கோ இளகி மறுபடி உறைந்திருக்க வேண்டும், கம்பு முழுக்க மயிரிழை வெடிப்பு. கொதிதண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகப் போய்விட்டது. ஃப்ரீசர் ரகம் வாங்கினால் பாக்கெட்டின் ஜன்னல் வழியாகப் பாருங்கள். உள்ளே பனித்தூள் நிறைய இருந்தால் விட்டுவிடுங்கள்.

டொக்பொக்கியைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. சிவப்பாக, கோச்சுஜாங் மிளகாய் விழுது போட்டுச் செய்யும் இந்த வகை, சியோலில் சின்டாங்-டோங் என்ற பகுதியில் 1953 வாக்கில் தொடங்கியது என்று அங்கே சொல்வார்கள். அதற்கு முன்னால் அரண்மனைச் சமையலில் சோயா சாஸில் செய்ததுதான் பழைய முறை. என் மகளுக்கும் அவள் சிநேகிதிகளுக்கும் சிவப்பு ரகம் உயிர். எனக்கு அந்த விழுதின் புளிப்பும் இனிப்பும் கலந்த காரம் நாலு வாய்க்கு மேல் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு மோர் கேட்டார். சரி, அது அவரவர் நாக்கு. அதற்காகப் பாக்கெட்டைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி மீதிப் பாதி. பிரித்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு பிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். மறுநாள் எடுத்தால் மேஜையில் தட்டினால் சத்தம் வரும். பழைய சோறு பிரிட்ஜில் விறைத்துப் போகிறதே, அதே கதைதான். வெந்த அரிசியின் ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து இளகி இருக்கும். ஆறும்போது மறுபடி அடுக்குக் கட்டிக்கொண்டு இறுகும். அந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது 4 டிகிரி பக்கம், அதாவது சரியாக பிரிட்ஜின் குளிரில். ஃப்ரீசரில் போட்டால் இது ஏறக்குறைய நின்றுபோகும். ஆகவே மிச்சத்தை வைப்பதென்றால் பிரித்த அன்றைக்கே, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவைத்து, அப்புறம் கவரில் போட்டு ஃப்ரீசரிலேயே வையுங்கள். ஏற்கெனவே கல்லாகிவிட்டதா? வீணாகவில்லை. தண்ணீரும் சூடும் கிடைத்தால் திரும்ப இளகிவிடும். கொதிக்கும் தண்ணீரில் 3, 4 நிமிடம் போதும். ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினால் அமுங்கி மேலே வர வேண்டும்.

இதை இனிப்பாக்குவது நான் கண்டுபிடித்த விஷயம் ஒன்றும் இல்லை. கொரியாவிலேயே காரேடொக்கை நெருப்பில் வாட்டி, தேனிலோ ஜொச்சோங் என்கிற தானியப் பாகிலோ தொட்டுச் சாப்பிடுவது பழைய பழக்கம். சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பொரித்துப் பாகில் புரட்டும் மாத்தாங் என்று ஒரு பண்டமும் அங்கே உண்டு. இந்த இரண்டையும் சேர்த்ததுதான் ரைஸ் கேக்கைப் பாகில் புரட்டுவது. அங்கே நவம்பர் 11 உழவர் தினம். நாலு ஒன்றுகள் வரிசையாக நிற்கும் அந்தத் தேதியை, 2006லிருந்து காரேடொக் தினமாகவும் கொண்டாடுகிறார்கள். அரிசி விற்க வேண்டும் என்பதற்காக அரசாங்கமே எடுத்த முயற்சி. நம் ஊரில் இப்படிச் சந்தகைக்கு ஒரு நாள் வைத்தால் நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. ரைஸ் கேக்கைக் கொதிக்கும் எண்ணெயில் முங்கப் போட்டுப் பொரிக்காதீர்கள். வீடியோவில் பொன்னிறமாகப் பொரிந்து வருவதைக் காட்டுவார்கள், வெடிப்பதைக் காட்ட மாட்டார்கள். வெளித்தோல் எண்ணெயில் முதலில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வர வழி இருக்காது. கோகுலாஷ்டமிக்குச் சீடை போடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, காரணம் அதேதான். சீடை சின்ன உருண்டை, அதற்கே சட்டியை விட்டு நாலடி தள்ளி நிற்கிறோம். இது அதைவிடப் பெரியது, ஈரமும் அதிகம். கொரியாவிலும் இதனால் முகத்திலும் கையிலும் சூடு வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. ஏர் ஃப்ரையரிலும் வெடிக்கும்.

அதனால் தோசைக்கல்லோ, அடி கனமான அகலச் சட்டியோ போதும். இளக்கிய கம்புகளைத் தண்ணீர் வடித்து, பழைய வேட்டித் துணியில் பரப்பி, மேல் ஈரம் துளியும் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு இரண்டு விரல் கடை நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொன்றிலும் கத்தி முனையால் நீளவாக்கில் ஒரு கீறல். ஆவி போக வழி அது, பாகு உள்ளே இறங்கவும் வழி அதுவே. 200 கிராம் ரைஸ் கேக்குக்கு இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய். காங்கயத்துச் செக்குத் தேங்காயெண்ணெயோ கடலெண்ணெயோ எது இருந்தாலும் சரி. எனக்குத் தேங்காயெண்ணெய் பிடித்தது. வெல்லத்தோடு அதன் வாசம் ஒத்துப்போகிறது.

எண்ணெயைப் பற்றி இன்னொன்று. கொரியன் சமையல் குறிப்பில் எள் எண்ணெய் என்று வந்தால் நம் நல்லெண்ணெயை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். அவர்கள் எள்ளைக் கருக வறுத்துப் பிழிந்து, கடைசியில் வாசத்துக்கு அரைக் கரண்டி விடுவார்கள். நம்முடையது வறுக்காத எள்ளில் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துச் செக்கில் ஆட்டுவது. வாசமே வேறு. இந்த இனிப்புக்கு நல்லெண்ணெய் வேண்டாம், அதற்குப் பதில் வறுத்த எள்ளைத் தூவினால் அந்த மணம் வந்துவிடும்.

தீ மிதமாக இருக்கட்டும். துண்டுகளை இடைவெளி விட்டுப் போட்டுப் பொறுமையாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியாது. முதலில் தோல் மினுமினுக்கும். பிறகு சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பும். அந்தக் கொப்புளத்தின் நுனி மட்டும் வெளிர் பொன்னிறம் ஆகும்போது எடுத்துவிட வேண்டும். முழுதும் சிவக்கவிட்டால் தோல் தடித்து, ஆறியதும் தோலைக் கடிக்கவே தாடை வலிக்கும்.

பாகுதான் இந்தப் பண்டத்தின் உயிர், அதில்தான் நம் ஊர்க்காரர்களுக்குக் கை ஓங்கும். கொரியன் முறையில் வெள்ளைச் சர்க்கரையும் தானியப் பாகும் கலப்பார்கள். வெறும் வெள்ளைச் சர்க்கரைப் பாகு ஆறும்போது பூத்துப்போகும், மணல் மணலாக உதிரும். அதைத் தடுக்கத்தான் அந்தத் தானியப் பாகு. நமக்கு அந்த வேலையை வெல்லமே செய்துவிடும், ஏனென்றால் வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்திருக்கிறது. அவை இருந்தால் படிகம் கட்டுவது தள்ளிப்போகும்.

ஆனால் எந்த வெல்லம் என்பதில் கவனம் வேண்டும். எங்கள் பக்கம் நாட்டுச் சர்க்கரை என்றால் கவுந்தப்பாடிதான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு தேவஸ்தானம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்தான் கொள்முதல் செய்கிறது. காப்பிக்கும் ஒப்புட்டுப் பூரணத்துக்கும் நான் அதைத்தான் போடுகிறேன். இந்தப் பாகுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. மணம் அள்ளுகிறது, ஆனால் மேல்பூச்சு எவ்வளவு முறுக்கினாலும் நொறுங்காமல் பிசுபிசுவென்றே நிற்கிறது. சித்தோட்டு வெல்லச் சந்தையில் கடலை மிட்டாய்க்காரர்கள் வாங்குகிற பாகு வெல்லம் கேட்டு வாங்கினேன். அது நின்றது. மளிகைக் கடையிலும் பாகு வெல்லம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். புது வெல்லமாக இருக்கட்டும். மழைக்காலத்தைத் தாண்டி ஈரம் இழுத்துக் கசிந்த பழைய வெல்லம் பாகு முறுகாது. பளீரென்று மஞ்சளாக இருப்பதையும் விட்டுவிடுங்கள், அந்த நிறம் மருந்து போட்டு வெளுத்ததால் வருவது.

எனக்குப் பிடிபட்ட அளவு இது: 60 கிராம் பாகு வெல்லம், 40 கிராம் வெள்ளைச் சர்க்கரை, இரண்டு மேஜைக்கரண்டி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சர்க்கரையைச் சேர்த்து அடுப்பில் வையுங்கள். முதலில் பெரிய பெரிய நுரையாகப் பொங்கும். கம்பிப் பதம் தாண்டும். நுரை சின்னதாகி, நெருக்கமாகி, பாகு கரண்டியிலிருந்து கனத்து விழும் நேரத்தில் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். விரலில் உருள வந்தால் உருண்டைப் பதம், எள்ளுருண்டைக்கு அது போதும், இதற்குப் போதாது. இன்னும் ஒரு நிமிடம் போல விட்டு மறுபடி ஒரு சொட்டு. அந்தச் சொட்டை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் போட்டால் டிங் என்று சத்தம் கேட்க வேண்டும், கடித்தால் பல்லில் ஒட்டாமல் உடைய வேண்டும். உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். வெல்லம் சேர்ந்த பாகு வெறும் சர்க்கரைப் பாகைவிடச் சீக்கிரம் தீயும். கருகல் வாசம் வந்துவிட்டால் பிறகு எதைப் போட்டாலும் கசப்பு மறையாது.

அணைத்த கையோடு கால் ஸ்பூன் சுக்குப் பொடி, வாட்டி வைத்த துண்டுகள், வறுத்த எள் எல்லாவற்றையும் போட்டு இரண்டு கரண்டியால் வேகமாகப் புரட்டுங்கள். ரைஸ் கேக் சூடாகவே இருக்க வேண்டும். ஆறியதைப் போட்டால் பாகு அந்த இடத்திலேயே உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும். எண்ணெய் தடவிய தட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தள்ளி வையுங்கள். கையால் பிரிக்க வேண்டாம், இந்தப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். குழந்தைகளை அடுப்படிப் பக்கமே விடாதீர்கள்.

ஐந்து நிமிடம் பொறுத்து ஒன்றை எடுத்துக் கடித்தால், முதலில் மேலே இருக்கும் செம்பழுப்புக் கண்ணாடி நொறுங்குகிறது. அது உடைந்த சத்தம் அடங்குவதற்குள் உள்ளே பல் இறங்கி, இளஞ்சூட்டில் அரிசி இழுத்துக்கொண்டு வருகிறது. கீறல் வழியாகப் பாகு கொஞ்சம் உள்ளே போயிருக்கும், அந்த இடம் மட்டும் மெல்லிய மிட்டாயாக மாறியிருக்கும். ரைஸ் கேக்குக்கென்று தனியாக ருசி இல்லை. டொக்பொக்கியில் எனக்குக் குறையாகத் தெரிந்தது அதுதான். இங்கே அதுவே நன்மை. வெல்லத்தின் கரும்பு வாசமும் சுக்கின் உறைப்பும் எள்ளும் ஒன்றுகூட மறையாமல் தெரிகிறது. இப்படி மொறுமொறுப்பும் இழுவையும் ஒரே வாயில் வரும் இனிப்பு நம் பலகாரங்களில் எனக்குத் தெரிந்து இல்லை. கச்சாயத்தில் மொறுமொறுப்பு உண்டு, இழுவை கிடையாது.

சாஸில் புரண்ட மிச்சம் இருந்தாலும் வழி உண்டு. வெந்நீரில் அலசி, ஒற்றி, இதே மாதிரி வாட்டிப் பாகில் போடலாம். ஒட்டியிருக்கும் லேசான காரம் இனிப்போடு சேர்ந்து நன்றாகவே இருக்கிறது. கொரியாவில் பள்ளிக்கூட வாசல்களில் டொக்கோச்சி என்று குச்சியில் குத்தி, இனிப்பும் காரமுமாகச் சாஸ் தடவி விற்பார்கள். அதைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது. என் மகளுக்குப் பிடித்தது இந்த வகைதான். சுக்குக்குப் பதில் கொஞ்சம் மிளகாய்த் தூளைக் கேட்டு வாங்கித் தூவிக்கொண்டாள். பொள்ளாச்சித் தேங்காயைத் துருவி வெறும் சட்டியில் வறுத்துத் தூவினால் எனக்கு இன்னும் பிடிக்கிறது. ஏலக்காய் போட்டுப் பார்த்தேன். வெல்லத்தோடு ஏலக்காய் என்றதும் கோயில் பிரசாத வாசம் வந்துவிடுகிறது, சுக்குதான் இதற்குச் சரி.

பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும்போது ஒன்று. இந்த இழுவை தொண்டையில் அடைக்கக்கூடியது. என் மாமியாருக்கு ஒரு துண்டை நாலாக நறுக்கி, பாகு மெலிதாகப் பூசித்தான் கொடுத்தேன். அவர் மெதுவாக மென்று சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது சாமி. பல்லு இருக்கறவங்க தின்னட்டும்" என்றார். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நான் கொடுக்கவே மாட்டேன்.

பாக்கெட்டுக்கு என் தீர்ப்பு: அரிசி ரகம், சாஸ் இல்லாத வெறும் பாக்கெட், தேதி தெளிவாகத் தெரிவது என்றால் தாராளமாக வாங்கலாம். அரைக் கிலோவில் பாதியைப் பிள்ளைகள் காரமாகச் செய்துகொள்ளட்டும். மீதியில் நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு இந்த இனிப்பு வரும், வெல்லமும் எண்ணெயும் சேர்த்தால் கூடுதல் செலவு 30 ரூபாயைத் தாண்டாது. ஃப்ரீசர் ரகத்தை, கடைக்காரர் ஃப்ரீசரை ஒழுங்காகப் பராமரிப்பவர் என்று தெரிந்தால் மட்டும் வாங்குவேன். சாஸோடு வரும் கிண்ண ரகத்தில் துண்டு ரொம்பச் சின்னது, விலைக்குத் தகாது.

காலத்தையும் பாருங்கள். மாசி, பங்குனி வெயிலில் பாகு கண்ணாடியாக நிற்கிறது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு வரும்போதும், ஐப்பசி மழையிலும் ஒரு மணி நேரத்தில் மேலே வியர்த்துவிடும். அந்த நாட்களில் தட்டிலிருந்து நேராக வாய்க்குப் போக வேண்டும்.

செய்து சாப்பிட்ட அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சீருக்கு இதை ஆர்டர் எடுப்பீர்களா என்று கேட்டார்கள். எடுக்கவில்லை. காலையில் செய்தால் மதியம் பந்திக்கு உள்ளே இறுக ஆரம்பித்துவிடும், வெளியே பிசுக்கு ஏறும். மறுபடி சூடு பண்ணினால் அரிசி இளகும், பாகு உருகி ஓடிவிடும். வீட்டில் அடுப்புப் பக்கத்தில் நின்று சாப்பிடுகிற பண்டத்தை டப்பாவில் அடைத்து விற்க எனக்கு மனசு வரவில்லை. கேட்ட இருவருக்கும் அளவையும் பதத்தையும் எழுதிக் கொடுத்தேன், பாகு வெல்லத்தில் அரைக் கிலோவும் சேர்த்து.